கொல்லையில ஒரு கராஜ்!

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் பைக் நிறுத்தவும், தட்டிக் கொட்டி வேலை பார்க்கவும் ஒரு ஷெட் போட்டால் என்ன என்று யோசிக்கிறீர்களா? யோசித்து, போட்டு, நடுவில் நாலைந்து தப்பும் செய்து முடித்தவன் சொல்கிறேன். கேட்டுக்குங்க!

கடலூர் போகும் பஸ்ஸில் ஏறி, "போட் ஹவுஸ் ஒண்ணு" என்று கேட்டால் கண்டக்டர் இறக்கிவிடும் இடம் நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றில் படகுச் சவாரி, அக்கரையில் மணல் திட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் கூலிங் கிளாஸ் கூட்டம்... வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் அவ்வளவுதான். டிக்கெட் வாங்காமலே வீட்டுக் கொல்லையில் படகு விடுகிற யோகம் எங்களுக்கு வாய்த்தது, 2024 நவம்பர் 30 ராத்திரி.

ஃபெங்கல் புயல்! புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்து பார்த்தால் கொல்லையில் தண்ணீர். அதில் இரண்டு தேங்காய், ஒரு பிளாஸ்டிக் குடம், பக்கத்து வீட்டுச் செருப்பு எல்லாம் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. கொல்லைக் கொட்டாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூங்குகிற கிழவர் மாதிரி இருந்தது.

அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி நேராகக் கொட்டாய்க்குத்தான் போனார். "பாம்பு கீம்பு வரப் போவுது, ஏறுங்க" என்று அம்மா கத்தியது அவர் காதில் விழவில்லை. உள்ளே குனிந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். தூக்கினார். அடித்தகடு கழன்று, உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீருக்குள் 'சளக்' என்று கொட்டியது.

அந்தப் பெட்டியில் இருந்தது நகையில்லை, பத்திரமில்லை. அரம், ஸ்பேனர், டேப்-டை செட், வெர்னியர் காலிப்பர், ஒரு பெஞ்ச் வைஸ். அப்பா ஒரு மில்லில் 31 வருஷம் ஃபிட்டர். வேலை போன பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது அந்தப் பெட்டிதான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத் திறந்து வைக்க அவருக்கு ஓர் இடமில்லை. கூடத்தில் வைத்தால் அம்மா திட்டுவாள். படிக்கட்டில் வைத்தால் பேத்தி அரத்தை எடுத்து நகம் தேய்ப்பாள். மனுஷர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

அன்றைக்குச் சேற்றில் கைவிட்டுத் துழாவி ஒவ்வொரு சாமானாக எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். "ஒரு கராஜ் போட்டுடலாம்பா" என்றேன்.

"போடறவன் போன வருஷமே போட்டிருக்கணும்" என்றார். ஆறு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்!

கோலப்பொடியில் ஒரு பிளான்!

நம்ம ஆட்கள் என்ன செய்கிறோம்? முதலில் மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம். அவர் வெற்றிலையை மென்றபடி இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, "பத்துக்குப் பத்து போட்டுடலாம் சார்" என்கிறார். போட்டுவிடுகிறோம். பைக்கை உள்ளே விட்டபிறகுதான் ஆள் நிற்க இடமில்லை என்று தெரிகிறது.

இந்த விஷயத்தில் நான் உஷார். அதாவது, அப்பா உஷார். "முதல்ல உள்ள என்னென்ன வரப்போவுதுன்னு எழுது" என்றார். என் பைக், மனைவியின் ஸ்கூட்டர், ஆறடி வேலை மேஜை, ஒரு டிரில்லிங் மெஷின், மரப்பலகை வைக்க இடம், ஏணி... எழுதினேன். பெருந்தன்மையாகக் கடைசியில் 'கார்' என்றும் சேர்த்தேன். கார் இன்னும் வாங்கவில்லை. கனவு காணக் காசா பணமா?

அம்மா கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தாள். காய்ந்த கொல்லையில் அப்பா டேப் பிடிக்க, அம்மா கோடு போட, 12 அடிக்கு 18 அடியில் ஒரு கட்டம் எழுந்தது. அதற்குள் நிஜமாகவே பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினோம். ஸ்கூட்டரை நிறுத்தினோம். சாப்பாட்டு மேஜையைத் தூக்கிவந்து வேலை மேஜை என்று வைத்தோம். அப்பா ஒரு பத்தடிப் பைப்பைக் கையில் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். பைப்பின் மறுமுனை ஸ்கூட்டர் கண்ணாடியில் 'டங்'! மேஜை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாறியது. செங்கல் வைப்பதற்கு முன்னால் இடித்துக்கொண்டால் செலவு ஒரு கண்ணாடிதான். வைத்த பிறகு இடித்தால் சுவரே செலவு.

கார்? அதுதான் பரிதாபம். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, தனி வீட்டுக் கார் நிறுத்தும் கராஜ் குறைந்தது 3 மீட்டருக்கு 6 மீட்டர் இருக்கணும் என்கிறது. நம்ம கணக்கில் ஏறக்குறைய பத்தடிக்கு இருபதடி. அதையாவது இழுத்துப் பிடிக்கலாம். கார் கொல்லைக்கு எப்படிப் போகும்? வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து நாலே முக்கால் அடி! வீட்டை இடித்தால் கார் போகும். ஆனால் அப்புறம் கராஜ் எதற்கு? பட்டியலிலிருந்து காரை அடித்துவிட்டேன்.

தெரிந்துகொள்ளுங்கள்: கராஜின் அளவைப் பார்ப்பதற்கு முன்னால், கராஜுக்குப் போகிற வழியின் அளவைப் பாருங்கள்.

கொம்யூன், குழுமம், உப்பங்கழி

'கராஜ்' என்பதே பிரெஞ்சு வார்த்தை. ஒதுக்கி நிறுத்துவது என்ற அர்த்தத்தில் பிறந்தது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. எங்கள் பஞ்சாயத்துக்குப் பெயரே இன்றைக்கும் 'அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து'தான்.

"கொல்லையில ஷெட்டுதானே சார், எவன் பார்க்கப் போறான்?" என்பார்கள். கேட்காதீர்கள். அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பினால் அது கட்டடம்தான். புதுச்சேரியில் நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதி இருக்கணும். எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும், மனையில் எவ்வளவு இடத்தை மூடலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. பதிவு பெற்ற ஒரு இன்ஜினீயரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து வரைபடம் போட்டுவிடுவது, பிற்பாடு பேங்கில் கடன் வாங்கும்போதும் வீட்டை விற்கும்போதும் தலைவலியை மிச்சப்படுத்தும்.

எங்களை மாதிரி ஆற்றோரத்து ஆட்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. 'கடல் எங்கேயோ இருக்கு, நமக்கென்ன' என்று இருக்க முடியாது. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஆறு, உப்பங்கழிக் கரைக்கும் அது பொருந்தும். சுண்ணாம்பாறு அப்படிப்பட்ட ஆறு. எங்கள் வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஆற்றைவிட்டுத் தள்ளி. ஆகவே தப்பித்தோம். கரையோரம் மனை வைத்திருப்பவர்கள் கடப்பாரை தூக்குவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

பென்சில் கோடு

ஃபெங்கல் தண்ணீர் வடிந்த அன்று வீட்டுச் சுவரில் ஒரு சேற்றுக் கோடு நின்றது. அம்மா துடைக்கப் போனாள். அப்பா தடுத்து, அதன் மேலேயே பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதினார். தரையிலிருந்து சரியாக 14 அங்குலம்.

கராஜின் தரை மட்டம் எவ்வளவு? மேஸ்திரி ஆறு அங்குலம் போதும் என்றார். விதித் தொகுப்பும் சுற்றுத்தரையைவிடக் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரம் என்றுதான் சொல்கிறது. அதாவது அதே ஆறு அங்குலம். ஆனால் அது ஊருக்கெல்லாம் பொதுவாக எழுதினது. சுண்ணாம்பாறு யாரையும் கேட்டு ஏறுவதில்லை. சங்கராபரணி ஆறு கீழே வந்து இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அரியாங்குப்பத்தாறு, இன்னொரு கிளை சுண்ணாம்பாறு என்று கடலுக்குப் போகிறது. மேலே வீடூர் அணையில் தண்ணீர் திறந்து, கீழே கடலும் பொங்கி நின்றால் தண்ணீருக்குப் போக்கிடம் ஏது? நம்ம கொல்லைதான்.

"பதினெட்டு அங்குலம்" என்றார் அப்பா, ஃபைசல்!

சரி, பதினெட்டு அங்குலம் உயரத்துக்குப் பைக் எப்படி ஏறும்? சாய்தளம் வேண்டும். மேஸ்திரி நாலடியில் முடித்துத் தருவதாகச் சொன்னார். நாலடியில் ஒன்றரை அடி ஏற்றம் என்றால் அது சாய்தளமில்லை, சர்க்கஸ். மழை நாளில் ஸ்கூட்டரோடு சேர்ந்து நாமும் வழுக்கி, அதே தண்ணீரில் விழவேண்டியதுதான். ஆறுக்கு ஒன்று என்று சரிவு வைத்தால் 18 அங்குலத்துக்கு ஒன்பதடி நீளம் வரும். நேராக விட்டால் கொல்லையே சாய்தளமாகிவிடும். ஆகவே சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்கினோம். மேலே வழுக்காமலிருக்கக் குறுக்கே கோடு கோடாகக் கீறிவிட்டோம்.

தப்பு நம்பர் 1 இங்கேதான். கதவுக்கு முன்னால் பைக் திரும்ப மேடை விட மறந்தேன். சாய்தளத்தின் உச்சியில் வண்டியைத் திருப்ப முடியாமல் முதல் நாள் நான் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு குடும்பமே பார்த்து ரசித்தது. நாலடிக்கு நாலடி மேடை தனியாகக் கட்டினேன். அதற்குத் தனிச் செலவு.

நாக்கு ஒரு லேபரட்டரி!

எங்கள் தெருவில் போர் போட்டால் தண்ணீர் வரும். ஆனால் அதில் காபி போட்டால் ரசம் மாதிரி இருக்கும். அவ்வளவு உப்பு. மேஸ்திரி அந்தத் தண்ணீரில்தான் கான்கிரீட் கலக்கப் பார்த்தார்.

அப்பா கலவையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். "நிறுத்துப்பா!" என்றார்.

உப்பு கான்கிரீட்டை உடனே ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கிற கம்பியைத்தான் தின்னும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் மேலே இருக்கிற கான்கிரீட்டை விரிசல் விட்டுத் தள்ளும். கடற்கரை ஊர்களில் சன்ஷேடு பெயர்ந்து, கம்பி விலா எலும்பு மாதிரி தெரிகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்களே, அதே வியாதி. ஆகவே கலக்கவும், பிறகு நனைக்கவும் நல்ல தண்ணீர் லாரியில் வந்தது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கான்கிரீட் மூடும்படி, நடுவில் சின்னச் சின்னக் கட்டை வைத்துக் கட்டினோம். பத்து நாள் விடாமல் தண்ணீர் ஊற்றியது என் மனைவி. "கல்யாணம் ஆன புதுசுல நான் வச்ச ரோஜாச் செடிக்கு ஒரு நாளாவது ஊத்துனீங்களா?" என்ற கேள்வியும் பத்து நாள் கூடவே ஊற்றப்பட்டது.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது!

கூரைக்கு வருவோம். காசு மிச்சம் பிடிக்க, கலர் தகடு போடுவது என்று முடிவு. "நாலு ஸ்க்ரூ போட்டா பத்தாதா சார்?" என்றார் தகடு போட வந்த தம்பி.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120இலிருந்து 140 கிலோமீட்டர். அன்றைக்குத் தகடுகள் பறந்ததைப் பார்த்தவர்கள் 'நாலு ஸ்க்ரூ' என்று சொல்லமாட்டார்கள்.

கணக்கு ரொம்ப சுலபம். 140 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். 39ஐ 39ஆல் பெருக்கி, மறுபடி 0.6ஆல் பெருக்குங்கள். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டரில் காட்டுகிற அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். கிலோவில் சொன்னால் தொண்ணூற்றுச் சொச்சம். எங்கள் கூரை 20 சதுர மீட்டர். அந்த அழுத்தம் முழுசாக மேல்நோக்கி இழுத்தால் 1800 கிலோவுக்கு மேல்! கூரைத் தகடுகளின் மொத்த எடையோ நூறு கிலோதான். பறக்குமா, பறக்காதா? நீங்களே சொல்லுங்கள்.

காற்று கூரையை அழுத்தித் தள்ளும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். சரிவு குறைந்த கூரை மேல் வேகமாகப் போகிற காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே நேரம் கதவு பிய்த்துக்கொண்டால், காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தூக்குகிறது. ஆகவே, கூரையைக் காப்பாற்றுவது பாதி கதவு!

நாங்கள் செய்தது இதுதான். தூண் கம்பியோடு சேர்த்துக் கான்கிரீட்டுக்குள்ளேயே போல்ட் புதைத்து, அதில் இரும்புச் சட்டத்தை முடுக்கினோம். கூரையைச் சட்டமும், சட்டத்தைத் தூணும், தூணை அஸ்திவாரமும் பிடித்துக்கொள்ளணும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றதெல்லாம் தண்டம். ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம். அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக, ரப்பர் வாஷரோடு. இறவாரம் ஓரடிக்கு மேல் நீளவில்லை. ரோலிங் ஷட்டர் வேண்டாம் என்று, வெளிப்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவு. காற்று அடித்தால் கதவு சட்டத்தோடு இறுகுமே தவிர, உள்ளே விழாது. மேலும் கீழும் சொருகு தாழ்ப்பாள். வடகிழக்கு மழை நேராக உள்ளே அடிக்காதபடி கதவு தெற்குப் பார்த்தது. கடல் காற்றுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல்.

தப்பு நம்பர் 2. ஜன்னல் கொக்கிக்குச் சாதா இரும்பு வாங்கினேன். இரண்டே மாதத்தில் துரு. கடலோரத்தில் கொக்கி, கீல், ஸ்க்ரூ மூன்றும் நாகமுலாம் பூசியதோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான். இரும்புச் சட்டத்துக்கு ரெட் ஆக்ஸைடு இரண்டு கை, அதன்மேல் பெயின்ட். வெல்டிங் பற்ற வைத்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் பூசினால் அத்தனையும் வீண்.

நிற்கிற மாதிரி சுற்றும் சக்கரம்

கரன்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அடுக்களை ஜன்னல் வழியாக இழுக்காதீர்கள். மிக்ஸி ஓடும்போது டிரில்லிங் மெஷினும் ஓடினால் ஃபியூஸ் போகும். போனால் சட்னியும் போகும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், குழாய்க்குள் புதைத்து. தனி எம்.சி.பி., எர்த், 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. வெள்ளம் பார்க்கிற ஊர் என்பதால் பிளக் பாயின்ட் எல்லாம் நாலடி உயரத்தில்.

லைட் விஷயத்தில் அப்பா ஒன்று சொன்னார். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் கண்ணுக்குத் தெரியாமல் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். சுற்றுகிற மெஷினின் வேகம் அந்தத் துடிப்போடு பொருந்திவிட்டால், சக்கரம் நிற்கிற மாதிரியே தெரியும். "நிக்குதுன்னு நெனச்சு கைய வச்சிடுவான் பாரு, புதுப் பையன்..." என்று நிறுத்தினார். யார், எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. துடிப்பில்லாத எல்.இ.டி. விளக்காகத் தேடி, மேஜையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினோம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் நம் கை நிழலே நாம் அறுக்கிற கோட்டை மறைத்துவிடும்.

பைக்கும் பட்டறையும் ஒரே கூரைக்குள் என்றால் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். பெட்ரோல் ஆவி கனமானது. தரையோடு தரையாகப் பரவும். கிரைண்டர் பொறி அதில் விழுந்தால் கராஜ் மட்டுமல்ல, கதையே முடிந்துவிடும். கிரைண்டர் ஓட்டுவதென்றால் வண்டியை வெளியே தள்ளிவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. தின்னரும் பெயின்ட்டும் கராஜுக்கு வெளியே ஒரு இரும்பு அலமாரியில்.

ஷெட்டில் பிறந்த சமாசாரங்கள்

'ஆபீஸ் போற பையனுக்குப் பட்டறை எதுக்கு?' என்று என் மாமனார் கேட்டார். அவருக்காகவே கொஞ்சம் சரித்திரம் புரட்டினேன்.

எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில், ஆற்றங்கரையில், அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது 150 அடிக்கு மேல் நீளமான ஒரு செங்கல் கட்டடம் கிடைத்தது. சரக்குக் கிடங்கு என்று கணித்தார். மணி கோக்கிற, மணி செய்கிற தொழில் அங்கே நடந்திருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஷெட் போட்ட பேட்டை, சாமி இது!

குஜராத்தில் ஒரு ஆபீஸ்காரர், கர்சன்பாய் பட்டேல். அரசாங்க வேலை. 1969இல் அகமதாபாத்தில் பத்துக்குப் பத்து அறையில் சலவைத் தூள் கலக்கி, சைக்கிளில் வைத்து விற்றார். அதுதான் நிர்மா. இங்கே பக்கத்துக் கடலூரில், 1983இல், 15,000 ரூபாயோடு சி.கே.ரங்கநாதன் ஷாம்பு போட ஆரம்பித்தார். சிக் ஷாம்பு. அமெரிக்காவில் 1939இல் ஹியூலெட், பேக்கார்டு என்ற இரண்டு சிநேகிதர்கள் 538 டாலர் முதலோடு கம்பெனி ஆரம்பித்த கராஜை, கலிஃபோர்னியா அரசாங்கம் சரித்திரச் சின்னமாகவே அறிவித்துவிட்டது. அதன் அளவு என்ன தெரியுமா? 12 அடிக்கு 18 அடி! எங்கள் கராஜ் அளவேதான்! மாமனாரிடம் சொன்னேன். "அவங்க ஆரம்பிச்சாங்க. நீங்க என்ன ஆரம்பிக்கப் போறீங்க மாப்ள?" என்றார். நான் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

எல்லோருக்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்றும் சொல்ல முடியாது. லெ ஜான்டி என்று ஒரு பிரெஞ்சு வானியல்காரர். சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வருவதற்குள் யுத்தத்தில் ஊர் இங்கிலீஷ்காரர் கைக்குப் போய்விட, 1761இல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டு, சரியாகப் பார்க்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்தார். பிறகு புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டை மேட்டில் கவர்னர் உதவியோடு ஒரு வானாய்வுக் கூடமே கட்டினார். 1769 ஜூன் மாதம், அந்த விடியற்காலையில் மட்டும் மேகம் வந்து மூடிவிட்டது! சுக்கிரன் கடந்து போனதும் வெயில் பளிச்! ஊருக்குத் திரும்பினால், அவர் செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்களாம் சொந்தக்காரர்கள்.

ஷெட் கட்டுவதுதான் நம் வேலை. வானம் நம் கையில் இல்லை. ஆனால் மனுஷர் சும்மா இருக்கவில்லை. ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்கள் வெளியே தெரிவதையும் ஊர் ஜனங்கள் அந்தச் செங்கலை எடுத்துப் போவதையும் எழுதிவைத்தார். அது அரிக்கமேடு!

கணக்கு வழக்கு

ஒன்றரை லட்சத்தில் முடித்துவிடலாம் என்று சீட்டு எடுத்தேன். முடிந்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில். அதிகமானதில் பாதி, தரையை உயர்த்த வந்த மண்ணுக்கு. மீதி, நான் கணக்கிலேயே சேர்க்காத கரன்ட் லைன், லாரித் தண்ணீர், அந்த நாலடி மேடை. கட்டப் போகிறவர்களுக்கு ஒரே ஆலோசனை. எந்த எஸ்டிமேட் வந்தாலும் கால் பங்கு கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் ஆரம்பித்து, ஆடிக்கு முன்னால் கூரையை ஏற்றிவிடுங்கள். ஐப்பசியில் அஸ்திவாரம் தோண்டினால் அது கிணறு.

நாற்பது அங்குலம்

கடைசியாக வேலை மேஜை. இதில்தான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை.

வைஸின் வாய், நிற்கிற ஆளின் முழங்கை உயரத்துக்கு இருக்கணும். அரம் போடும்போது கை தரைக்கு மட்டமாகப் போய்வரும், தோள் வலிக்காது. மில்லில் புதுப் பையன் வந்தால் முதலில் அவன் முழங்கையைத்தான் அளப்பார்களாம். நான் ஐந்தடி ஒன்பது. அப்பா ஐந்தடி நாலு. என் முழங்கைக்கு 43 அங்குலம் வருகிறது. அவருக்கு 40.

"நாற்பத்து மூணே வை. காசு நீ போட்டது. நாளைக்கு உனக்குத்தான் உதவும்" என்றார். "நான் இன்னும் எத்தனை நாளு..."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "இன்னா பேச்சு இது?" என்று அவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போயிருந்த சமயம், தச்சரைக் கூப்பிட்டு மேஜைக் காலை நானே அளந்து அறுக்கச் சொன்னேன். வைஸை முடுக்கிப் பார்த்தால் வாய் சரியாக நாற்பது அங்குலம்.

திரும்பி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வைஸுக்கு முன்னால் போய் நின்று, முழங்கையை மடக்கி வைத்துப் பார்த்தார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் துரு எடுத்து, எண்ணெய் தடவி வைத்திருந்த அரங்களைச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினார். வெர்னியர் மட்டும் நகரவில்லை. தண்ணீர் அதன் உயிரை வாங்கிவிட்டது. அதையும் ஒரு ஆணியில் மாட்டினார்.

ஐப்பசி மழையில் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சாய்தளத்தில் பாதிகூட ஏறவில்லை. நான் ஆபீஸிலிருந்து நனைந்து வந்து ரெயின் கோட்டைக் கழற்றும்போது, கராஜில் விளக்கு எரிந்தது. 'கீச்... கீச்...' என்று அரம் போடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா என் மகளின் சைக்கிள் மணி மூடியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவளிடம் அரத்தை எப்படிப் பிடிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவே இல்லை. எங்கள் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, மில், சங்கு, ராத்திரி ஷிஃப்ட் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது.

எனக்கென்ன நஷ்டம்? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை பார்க்கும்போது மூன்று அங்குலம் குனிய வேண்டியிருக்கிறது. முதுகு வலிக்கிறது. மனைவி தைலம் தேய்த்துவிட்டபடி, "அந்த மேஜையைக் கொஞ்சம் ஒசத்திக்கக் கூடாதா?" என்கிறாள்.

ஊஹூம். அது அப்படியேதான் இருக்கும்!